கிண்ணத்தின் கணக்கு

மது மனிதனுக்குப் பழைய துணை. கானாவூர்த் திருமணப் பந்தியிலும் அது இருந்தது. நம் முன்னோர் வாழ்ந்த பனங்காடுகளிலும் இருந்தது. அதனால் விளையும் கேட்டையும் மனிதன் அன்றே அறிந்திருந்தான் என்பதற்கு விவிலியத்தின் நீதிமொழிகள் நூலும் வள்ளுவரின் கள்ளுண்ணாமை அதிகாரமும் சான்றாகும். ஆயினும் ஒரு தீமையை அறிவது வேறு. அதை அளந்து காண்பது வேறு. ஒரு நாட்டார் எவ்வளவு குடிக்கின்றனர், அதனால் எத்தனை பேர் மடிகின்றனர், இவ்விரண்டுக்கும் உள்ள உறவு யாது என்ற வினாக்கள் எழுந்து ஏறத்தாழ 300 ஆண்டுகளே ஆகின்றன. அந்தத் தேடலின் வரலாறு, குடிகாரரைப் பற்றி நாம் வழக்கமாகக் கொண்டுள்ள ஓர் எண்ணத்தையே அசைத்து விடுகிறது. அதனைச் சற்று எண்ணிப் பார்ப்போம்.

18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் மாநகரின் ஏழைகள் வாழ்ந்த சந்துகளெங்கும் ஜின் என்னும் மலிவான சாராயம் விற்கப்பட்டது. 1726-இல் அந்நகரின் அரச மருத்துவர் கழகம் நாடாளுமன்றத்துக்கு விண்ணப்பம் அளித்து, இம்மது மக்களை நோயாளிகளாக்குவதோடு, பிறக்கும் குழந்தைகளையும் நலிவுறச் செய்கிறது என்று எச்சரித்தது. 1736-இல் வந்த கடுஞ்சட்டம் மக்களிடையே கலகத்தையும் கள்ள விற்பனையையும் வளர்த்து, 1743-இல் கைவிடப்பட்டது. 1751-இல் இயற்றப்பட்ட, நடைமுறைக்கு ஏற்ற சட்டமே பயன் தந்தது. அம்மருத்துவர்களிடம் கண்கண்ட சான்று இருந்தது. முறையான கணக்கு இருக்கவில்லை.

அடுத்து வந்தோர் குடியனின் உடலையும் உள்ளத்தையும் ஆராய்ந்தனர். கடற்படை மருத்துவரான தாமஸ் டிராட்டர் 1788-இல் எடின்பரோவில் குடிவெறியைப் பற்றி ஆய்வேடு அளித்தார். சுவீடன் நாட்டு மருத்துவர் மாக்னஸ் ஹஸ் 1849-இல் நாட்பட்ட குடியால் உடலில் உண்டாகும் கேடுகளைத் தொகுத்து அவற்றுக்கு 'ஆல்கஹாலிசம்' என்னும் பெயரையும் வழங்கினார். குடியனைப் பாவி என்று மட்டும் ஒதுக்கிய காலத்தில் அவனை நோயாளி என்று கண்டது பெரும் இரக்கச் செயலே. எனினும் பாவி என்றவரும் நோயாளி என்றவரும் ஒரு கருத்தில் ஒத்திருந்தனர். குடிகாரர் தனி இனம், அளவோடு குடிக்கும் நாம் தனி இனம் என்பதே அது.

இக்கருத்தோடுதான் அருட்தந்தை தியோபால்ட் மேத்யூவின் மாபெரும் இயக்கமும் எழுந்தது. அயர்லாந்தின் கார்க் நகரில் ஏழைகளுக்கு உழைத்த கப்புச்சின் துறவி அவர். குவேக்கர் அன்பர் ஒருவரின் தூண்டுதலால் 1838 ஏப்ரல் 10-ஆம் நாள் மதுவை அறவே விலக்கும் உறுதிமொழியில் கையொப்பமிட்டார். சில ஆண்டுகளுக்குள் இலட்சக்கணக்கான மக்கள் அவர் முன் முழந்தாளிட்டு அதே வாக்குறுதியை அளித்தனர். கலால் வரிக் கணக்கும் இதற்குச் சான்று பகர்ந்தது. 1830-களின் இறுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 கோடியே 20 இலட்சம் காலன் சாராயத்துக்கு வரி செலுத்தப்பட்ட அந்நாட்டில், 1843-இல் அவ்வளவு பாதிக்கும் கீழே இறங்கியது.

ஆனால் வரலாற்று ஏடுகளை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். வரி செலுத்திய சாராயத்தையே அரசின் ஏடு அறியும்; மலையடிவாரங்களில் மறைவாகக் காய்ச்சப்பட்டது அதில் ஏறாது. மேலும் 1845-இல் உருளைக்கிழங்குப் பயிரை அழித்த நோய் பெரும் பஞ்சத்தைக் கொணர்ந்தது. தந்தை மேத்யூவோ கடன் சுமையிலும் நோயிலும் நலிந்து 1856-இல் மறைந்தார். அவருடைய ஆளுமையை நம்பி நின்ற இயக்கம் அவருக்கு முன்பே தளர்ந்து போயிற்று. ஒவ்வொருவரும் தனித்தனியே வாக்குக் கொடுத்தனர். அவர்களைச் சூழ்ந்திருந்த கடையும் விலையும் பழக்கமும் மாறாமல் நின்றன.

சூழல் மாறினால் என்ன நிகழும் என்பதை எவரும் திட்டமிடாத ஒரு சோதனை காட்டிற்று. இரண்டாம் உலகப் போரின்போது பாரிஸ் நகரில் திராட்சை இரசமும் பங்கீட்டுக்கு உள்ளாகி, ஒருவருக்கு வாரம் 1 லிட்டர் என்னும் அளவுக்குச் சுருங்கியது. சிரோசிஸ் எனப்படும் கல்லீரல் இறுகும் நோயால் இறப்போர் தொகை ஓராண்டிலேயே பாதிக்கு மேல் குறைந்தது. ஐந்து ஆண்டுகளில் 80 விழுக்காட்டுக்கு மேல் வீழ்ந்தது. பங்கீடு நீங்கியதும் அந்நோய் மீண்டும் ஏறியது. பல்லாண்டுகளாக மிகுதியாகக் குடித்து வந்தவர்களும் கிடைப்பது குறைந்தபோது பிழைத்தனர். அவர்களைத் திருத்த முடியாது என்ற நம்பிக்கை அங்கே பொய்த்தது.

போருக்குப் பின் பிரான்சின் தேசிய மக்கள்தொகை ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய சல்லி லெடர்மான், 1956-இல் வெளியிட்ட நூலில் இக்கணக்குகளை ஆழ்ந்து நோக்கினார். சிறிதளவு குடிப்போர், நடுத்தரமாகக் குடிப்போர், மிகுதியாகக் குடிப்போர் என்பவர்களுக்கு இடையே பிளவு ஏதும் இல்லை. அனைவரும் ஒரே சரிவில் மேலும் கீழுமாக நிற்கின்றனர். ஊரின் சராசரிக் குடி உயர்ந்தால், அளவு கடந்து குடிப்போரின் தொகையும் உயரும். ஏரியில் நீர்மட்டம் ஏறினால் தாழ்ந்த வயல் முதலில் மூழ்குவதைப் போன்றது இது. அவர் தந்த கணித வாய்பாட்டைப் பின்வந்தோர் குறை கூறித் திருத்தினர். அடிப்படை உண்மையோ நிலைத்தது. 14 வயதுக்குக் குறைந்த சிறுவர்க்குப் பள்ளி உணவின்போது மது வழங்குவதைப் பிரான்சு அரசு தடை செய்ததும் அதே 1956-இல்தான் என்பதை நினைத்தால், அந்நாட்டில் ஏரி எவ்வளவு நிரம்பியிருந்தது என்பது விளங்கும்.

வட நாடுகளும் இவ்வுண்மைக்குச் சான்றளித்தன. முதல் உலகப் போரின்போது, 1917-இல், டென்மார்க் அரசு சாராய வரியைப் பன்மடங்கு உயர்த்தியது. இரண்டு ஆண்டுகளுக்குள் குடி கால் பங்காகக் குறைந்து, நாட்பட்ட குடியால் இறப்போர் ஆறில் ஒரு பங்காயினர். மாறாக, 1969-இல் பின்லாந்து மளிகைக் கடைகளிலும் பீர் விற்க இசைவு தந்தபோது, ஒரே ஆண்டில் மதுவின் அளவு 46 விழுக்காடு பெருகியது. இத்தகைய சான்றுகளை எல்லாம் தொகுத்துப் பின்லாந்துச் சமூகவியலார் கெட்டில் புரூனும் பன்னாட்டு அறிஞரும் 1975-இல் வெளியிட்ட நூல், மதுவைப் பொது நலவாழ்வின் சிக்கலாகக் காணும் பார்வையை உறுதிப்படுத்தியது.

எனினும் சராசரியும் சிலவற்றை மறைக்கும். நாள்தோறும் உணவோடு அருந்துவோர்க்குக் கல்லீரல் கெடுகிறது; வார இறுதியில் வெறியேறும் வரை குடிப்போரிடையே விபத்தும் வன்முறையும் மலிகின்றன. எவ்வளவு என்பதோடு எவ்வாறு என்பதையும் கேட்க வேண்டும். நம் நாட்டுக்கு இது மிகப் பொருந்தும். 2019-21-இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களுள் ஏறத்தாழ 19 விழுக்காட்டினரும் பெண்களுள் 1 விழுக்காட்டினரும் மது அருந்துகின்றனர். தமிழகத்து ஆண்களுள் அது கால் பங்கு. குடியாதோரே மிகுதியாதலால் சராசரி சிறிதாகத் தோன்றுகிறது. குடிக்கும் சிலர் மீதும், அவர்தம் இல்லத்தார் மீதும் விழும் சுமையோ பெரிது.

இல்லத்தாரின் கணக்கே நெடுங்காலம் எழுதப்படாமல் இருந்தது. 2019-இல் உலகில் 26 இலட்சம் பேர் மதுவால் இறந்தனர் என உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. ஆனால் அடகுக்குப் போன தாலியும், நின்றுபோன பள்ளிப் படிப்பும், இரவில் கதவோசைக்கு அஞ்சும் பிள்ளையின் நடுக்கமும் எந்த இறப்பேட்டிலும் இடம்பெறா. பிறர் குடியால் குடியாதார் அடையும் தீங்கை நாடளாவிய அளவில் விரிவாக அளக்கும் ஆய்வு ஒன்று 2010-இல் ஆஸ்திரேலியாவில் வெளியாயிற்று. அந்தப் பணி இன்னும் தொடக்க நிலையிலேயே உள்ளது.

குடிப்பவனுக்குப் பொறுப்பில்லை என்று இவ்வரலாறு கூறவில்லை. அவனுடைய பொறுப்பில் நமக்கும் பங்குண்டு என்றே கூறுகிறது. திருமண வீட்டிலும் திருவிழா நாளிலும் மது இயல்பான விருந்துப் பொருளாக வைக்கப்படும்போது, அளவோடு அருந்தி எழுந்து போகும் மதிப்புமிக்க மனிதரும் ஏரியின் நீர்மட்டத்தை ஒரு விரற்கடை உயர்த்துகிறார். மூழ்குபவர் வேறொருவர்.

தந்தை மேத்யூ மறைந்து 42 ஆண்டுகளுக்குப் பின், 1898-இல், அதே அயர்லாந்தின் டப்ளின் நகரில் இயேசு சபைக் குரு ஜேம்ஸ் கலன் நான்கு பெண்களோடு புதியதொரு மதுவிலக்குச் சங்கத்தைத் தொடங்கினார். குடிக்கு அடிமையாகாதவர்களே அதில் அழைக்கப்பட்டனர். குடியால் அழிவோருக்காக இறைவேண்டல் செய்து, அவர்கள் பொருட்டுத் தாம் வாழ்நாளெல்லாம் மதுவைத் துறப்பதே அவர்கள் ஏற்ற நோன்பு. தெளிந்திருப்பவனின் கிண்ணமும் தள்ளாடுபவனின் கிண்ணமும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதை லெடர்மான் எண்களால் நிறுவுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே அவர்கள் அன்பினால் உணர்ந்திருந்தனர். நம் பங்கிலும் நம் இல்லத்திலும் அடுத்த விருந்துக்குப் பந்தி விரிக்கும்போது, இந்தக் கணக்கை நாமும் ஒருமுறை போட்டுப் பார்ப்போமாக.