வீங்கிய காலும் பாரிஸ் மருந்தும்

புதுச்சேரிச் சீமையில் வீங்கிய கால் என்றதும் நெடுங்காலமாக நினைவுக்கு வருவது யானைக்கால் நோய். கொசு முதலானவை பரப்பும் நோய்களுக்கென இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1975-இல் இங்கே ஆய்வு மையம் நிறுவியதும், 1981 முதல் 1985 வரை நகரில் யானைக்கால் கட்டுப்பாட்டுத் திட்டம் நடந்ததும் அந்நோயின் பிடியை உணர்த்தும். எனவே கரியமாணிக்கம் போன்ற ஊர்களில் கால் வீங்கியவரைக் கண்டால் கொசுவைக் குறை சொல்வது இயல்பே. ஆயினும் வீக்கத்திற்கு நாம் அதிகம் பேசாத இன்னொரு வரலாறும் உண்டு.

1950 டிசம்பரில் பிரான்சின் ரோன்-பூலாங்க் நிறுவனத்தில் பால் சார்பாந்தியே குளோர்புரோமசினை உருவாக்கினார். நோயாளியை உறங்கவைக்காமலே அது அமைதிப்படுத்துவதை அறுவை மருத்துவர் ஆன்ரி லபோரி கவனித்தார். 1952-இல் பாரிசின் சேன்ட்-ஆன் மருத்துவமனையில் ழான் தெலேயும் பியேர் தெனிக்கரும் கடும் மனநோயாளிகளுக்கு அதனை அளித்தனர். அன்று கரியமாணிக்கமும் பிரெஞ்சு ஆட்சியின்கீழ்தான் இருந்தது. புதுச்சேரியின் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது 1954 நவம்பர் 1-இல்.

இம்மருந்துகளின் பக்கவிளைவு என்றதும் கை நடுக்கமும் உடல் விறைப்புமே பேசப்பட்டன. கால் வீக்கமோ பட்டியலின் கடைக்கோடியில் ஒதுங்கியது. பின்னர் வந்த ரிஸ்பெரிடோன், ஒலன்சபின், குவெட்டியாபின் ஆகியவற்றாலும் அது சிலருக்கு நேர்கிறது. இரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடிக்கும் ஏற்பிகளை இவை தடுப்பதால் குழாய்கள் விரிகின்றன. நீர் கசிந்து கணுக்காலில் தேங்குகிறது என்பது ஒரு விளக்கம். இவ்வீக்கம் பெரும்பாலும் இரு கால்களிலும் தோன்றும். விரலால் அழுத்தினால் குழி விழும். முற்றிய யானைக்காலோ கெட்டிப்பட்டிருக்கும். மருத்துவர் இதயம், சிறுநீரகம் முதலியவற்றைச் சோதித்து, மருந்தளவைக் குறைத்தாலோ வேறு மருந்துக்கு மாற்றினாலோ பெரும்பாலும் வடிந்துவிடும். உதடும் நாக்கும் திடீரென வீங்கினாலும், ஒரு கால் மட்டும் வலியோடு வீங்கினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இடர் வேறிடத்தில் இருக்கிறது. மனநோயாளி கால் கனக்கிறது என்றால் அதையும் பிதற்றல் என்று தள்ளுகிறோம். கேட்பாரின்றி அவர் தாமே மாத்திரையை நிறுத்துகிறார், நோய் திரும்புகிறது. நோய் திரும்பியவரை நம் ஊர்கள் எப்படி நடத்தின என்பதும் வரலாறே. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் தீயிலிருந்து தப்ப வழியின்றிப் போயினர். மாண்டவர் 28 பேர். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்திருக்கிறது. சங்கிலி நீங்கிய காலில் வீக்கம் கண்டால் அதைக் குனிந்து பார்ப்பதும், மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும் சட்டத்தின் வேலையன்று, வீட்டாரின் வேலை.