பூனைக்கு மருந்து புகட்டிய வரலாறு

பத்தாம் நூற்றாண்டில் வேல்ஸ் நாட்டை ஆண்ட ஹைவெல் தா என்னும் மன்னனின் பெயரால் வழங்கும் சட்டத் தொகுதியில் பூனைக்கு விலை நிர்ணயம் செய்திருக்கிறார்கள். கண் திறவாத குட்டிக்கு ஒரு பென்னி. கண் திறந்த நாள் முதல் எலி பிடிக்கும் வரையில் இரண்டு பென்னி. எலி பிடித்துத் தன் திறமையை மெய்ப்பித்த பிறகு நான்கு பென்னி. உச்ச விலையே நான்கு பென்னியாக உள்ள ஒரு பிராணி நோயுற்றால், அதற்கு வைத்தியனைக் கூப்பிட்டுக் கூலி கொடுப்பதைக் காட்டிலும் அண்டை வீட்டில் வேறொரு குட்டியைக் கேட்டு வாங்கிக்கொள்வதே அக்காலத்துக் குடும்பஸ்தனுக்கு விவேகமாகத் தோன்றியிருக்கும். பிராணி வைத்தியத்தின் சரித்திரம் நெடுங்காலம் இந்த விலைக் கணக்கின் வழியேதான் நடந்து வந்திருக்கிறது.

நம் தேசத்திலும் கதை வேறன்று. அரசர்களின் படைக்கு யானை வேண்டியிருந்தது. பாலகாப்பியர் பெயரால் யானை வைத்தியம் எழுந்தது. குதிரை வேண்டியிருந்தது, சாலிஹோத்திரர் பெயரால் அசுவ சாஸ்திரம் எழுந்தது. உழவனுக்கு எருது உயிர்நாடியாக இருந்தமையால் தமிழில் மாட்டு வாகடங்கள் பல தோன்றின. பூனைக்கென்று ஒரு வாகடம் பெயர் பெற்றதாகக் கேள்வியில்லை. ஐரோப்பாவில் 1761-ஆம் ஆண்டு அரசாணை பெற்று, லியோன் நகரத்தில் குளோத் பூர்ஷெலா நிறுவிய முதல் கால்நடை வைத்தியப் பள்ளியும், 1791-இல் லண்டனில் தொடங்கிய கல்லூரியும் குதிரையையும் மாட்டையும் மனத்திற்கொண்டு எழுந்தவையே. நமது வேப்பேரியில் 1903-இல் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி ஏற்பட்டபோதும் சர்க்காரின் கவலையெல்லாம் வண்டிக்குதிரையையும் உழவு மாட்டையும் பற்றியதே ஒழிய, அடுப்பங்கரைப் பூனையைப் பற்றியதன்று.

இவ்வாறு பெரிய பிராணிகளையே கையாண்டு பழகிய வைத்தியர்கள் மருந்து புகட்டும் கலையையும் அவற்றுக்கு ஏற்பவே அமைத்துக்கொண்டிருந்தார்கள். மாட்டின் தலையை உயர்த்திப் பிடித்து, மூங்கிற் குழாயையோ குடைந்த கொம்பையோ கடைவாயில் செருகிக் கஷாயத்தைச் சாய்த்துவிட்டால் காரியம் முடிந்தது. குதிரைக்கு மருந்தைப் பெரிய உருண்டையாகப் பிடித்து, நாக்கை ஒரு பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டு தொண்டைக்குள் தள்ளிவிடுவார்கள்; இதற்கென்றே ஒரு குழல் கருவியும் இருந்தது. பல மணங்கு எடையுள்ள பிராணி தலை குனிந்து இணங்க, சில வீசையே எடையுள்ள பூனை இணங்க மறுத்தது என்பது விந்தையே. மந்தையில் வாழும் பிராணி பிடிக்குக் கட்டுப்படும். தனித்து வேட்டையாடும் பிராணியோ, தன்னை ஒருவர் இறுகப் பிடித்தால் உயிருக்கே ஆபத்து வந்துவிட்டதென்று கருதும். நான்கு பாதங்களிலும் நகம், வாயில் ஊசிப் பற்கள், எலும்பில்லாததுபோல வளையும் முதுகு என்று அதற்கு ஆயுதங்களும் போதிய அளவு இருக்கின்றன.

பூனையின் மதிப்பு உயர்ந்தது விக்டோரியா மகாராணியார் காலத்து இங்கிலாந்திலே. 1871-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் ஹாரிஸன் வெய்ர் என்னும் சித்திரக்காரர் லண்டன் ஸ்படிக மாளிகையில் பூனைக் கண்காட்சி ஒன்றை நடத்தினார். எலி பிடிக்கும் வேலைக்காரனாக இருந்த பிராணி அதன்பின் பரிசு பெறும் பிரபுவாக மாறியது. கப்பற்படையில் வைத்தியராக இருந்து ஓய்வு பெற்ற கார்டன் ஸ்டேபிள்ஸ் அடுத்த சில ஆண்டுகளுக்குள் பூனைகளைப் பற்றி நூல் எழுதி, அவற்றின் நோய்களையும் பரிகாரங்களையும் அதிலே சேர்த்தார். பணக்காரர் வீட்டுப் பூனைகளுக்குத்தான் இந்த யோகம் என்று எண்ண வேண்டியதில்லை. 1917-இல் மரியா டிக்கின் அம்மையார் லண்டனின் ஏழைகள் வாழும் ஒயிட்சாப்பலில் ஒரு நிலவறையில் இலவசப் பிராணி வைத்தியசாலையைத் திறந்தார். பிற்காலத்தில் பெரிய தர்ம ஸ்தாபனமாக வளர்ந்த அந்தச் சாலையை, கண்காட்சிகளைவிட நான் உயர்வாக மதிக்கிறேன்; ஏழையின் பூனைக்கும் நோவு உண்டு என்பதை ஒப்புக்கொண்ட இடம் அது.

ரண சிகிச்சையின் கதை இதனோடு பின்னிக் கிடக்கிறது. 1846-ஆம் ஆண்டு அக்டோபரில் பாஸ்டன் நகரில் மார்ட்டன் என்னும் பல் வைத்தியர் ஈதர் ஆவியால் மனிதனை உணர்விழக்கச் செய்து காட்டினார். அடுத்த ஆண்டிலேயே எட்வர்ட் மேஹ்யூ என்னும் ஆங்கிலேய வைத்தியர் அதனை நாய்களிடத்தும் பூனைகளிடத்தும் பரீக்ஷை செய்து பார்த்து, அதன் பயனைப் பற்றி ஐயம் தெரிவித்தார். அந்த ஐயம் பூனைகளுக்கு நன்மை செய்யவில்லை. கடுவன் பூனைக்குக் காயடிக்க வேண்டுமானால், அதன் தலையை நீண்ட பூட்ஸுக்குள் நுழைத்து, நகமும் பல்லும் உள்ளே அடங்கியிருக்கையில் வெளியே தெரியும் பகுதியில் வேலையை முடித்துக்கொள்ளும் வழக்கம் நெடுநாள் நீடித்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபிரெடரிக் ஹாப்டே என்பார் நாய் பூனைகளின் ரண சிகிச்சைக்கென்றே நூல் இயற்றி, குளோரோஃபார்மைத் துணிந்து பிரயோகித்தார். 1919-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம், குறிப்பிட்ட சிகிச்சைகளை மயக்க மருந்தின்றிப் பிராணிகளுக்குச் செய்வது குற்றம் என்று சட்டம் செய்தது.

ஆயினும் அந்நாட்களில் கத்தி பட்ட பூனையை வீட்டுக்குக் கொண்டுவந்தவர்களுக்கு மருந்து புகட்டும் தொல்லை அதிகம் இருந்திருக்க முடியாது. புண்ணைச் சீழ் பிடியாமல் காக்கக்கூடிய உள் மருந்து அப்போது ஏது? பூனையை இருட்டான மூலையில் படுக்கவிட்டு, விதி விட்ட வழி என்று இருப்பதே சிகிச்சையாக இருந்தது. 1930-களில் சல்ஃபா மருந்துகளும், உலக யுத்தத்தை ஒட்டிப் பெனிசிலினும், 1970-களில் அமாக்ஸிஸிலினும் வந்த பிறகுதான், வேளை தவறாமல் சில நாள் தொடர்ந்து மருந்து கொடுக்க வேண்டும் என்னும் நியமம் ஏற்பட்டது. ஆஸ்பத்திரியில் மயங்கிக் கிடந்தபோது வைத்தியரின் கைக்கு அடங்கியிருந்த பூனை, வீட்டில் முழுப் பிரக்ஞையோடு, தையலிட்ட வயிற்றோடு, முன்னைவிடப் பதின்மடங்கு சந்தேகத்தோடு கட்டிலின் அடியில் உட்கார்ந்திருக்க, கையில் மாத்திரையுடன் குனிந்து நின்ற குடும்பஸ்தர் தாமறியாமலே செவிலியராகிவிட்டார்.

அவருக்கு முதலில் தோன்றிய உபாயம் குழந்தைக்குச் செய்வதே. கசப்பு மருந்தைத் தேனிலோ சர்க்கரையிலோ குழைத்துக் கொடுப்பது நம் வீடுகளில் பாட்டிமார் காலம் முதல் உள்ள வழக்கம். மேல் நாட்டு மருந்துக் கம்பெனிகளும் இனிப்புப் பாகாகவே குழந்தை மருந்துகளைச் செய்தன. பூனையோ தேனையும் கசப்பையும் சேர்த்தே துப்பியது. இதைப் பிராணியின் பிடிவாதம் என்றே மனிதர் எண்ணியிருக்க, 2005-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரிலுள்ள மோனெல் ஆராய்ச்சி நிலையத்தார் உண்மையைக் கண்டுரைத்தார்கள். இனிப்பை உணர்வதற்கு வேண்டிய இரண்டு மரபணுக்களுள் ஒன்று பூனை இனத்தில் சிதைந்து செயலற்றுப் போயிருக்கிறது. மாமிசமே உணவாகக் கொண்ட வமிசத்துக்கு இனிப்பறியும் நாக்கினால் என்ன பயன்? கசப்பை அறியும் சக்தி மட்டும் குறைவின்றி இருக்கிறது. கசப்பு நாவில் பட்ட மாத்திரத்தில் பூனையின் வாயிலிருந்து நுரை நுரையாக எச்சில் வழிவதைக் கண்டு, விஷம் கொடுத்துவிட்டோமோ என்று வீட்டார் பதறுவதும் உண்டு.

பதறுவதற்கு நியாயமான காரணம் வேறிடத்தில் இருந்தது. மனிதனின் ஈரல் பல மருந்துகளை ஒருவகை அமிலத்தோடு பிணைத்து வெளியேற்றிவிடும். பூனையின் ஈரலுக்கு அந்த வித்தை மிகக் குறைவு. ஆகையால் நமக்குச் சில மணி நேரத்தில் கழிந்துபோகும் ஆஸ்பிரின் அதன் உடலில் நாட்கணக்கில் தங்கும். நாம் காய்ச்சலுக்கு விழுங்கும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒரு பூனையின் ரத்தத்தைக் கெடுத்து உயிரைப் போக்கப் போதுமானது. அன்பின் மிகுதியால், நோவு தணியட்டும் என்று தம் மருந்துப் பெட்டியைத் திறந்தவர்கள் எத்தனை பூனைகளைக் கொன்றிருப்பார்களோ! மருந்தை மறுத்த பிராணியை நன்றி கெட்டது என்று ஏசிய நூற்றாண்டு முழுவதிலும் நியாயம் பெரும்பாலும் பிராணியின் பக்கமே இருந்திருக்கிறது.

வைத்தியர்களும் இந்த விஷயத்தில் எதிர்த் திசையில் தவறினார்கள். அதிக அளவில் மார்ஃபின் கொடுக்கப்பட்ட பூனைகள் வெறிகொண்டவைபோல ஓடியதைக் கண்ட பழைய வைத்தியர்கள், இவ்வினத்துக்கு அபின் வகை ஆகாது என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஆஸ்பிரினும் ஆகாது, மார்ஃபினும் ஆகாது என்றால் எஞ்சுவது மௌனமே. பூனை நோவை வெளிக்காட்டாமல் ஒடுங்கிக் கிடக்கும் சுபாவமுள்ளது. அதனால் அதற்கு நோவே இல்லை என்று சொல்லிக்கொள்வதும் எளிதாயிற்று. அளவைக் குறைத்துக் கொடுத்தால் வெறி உண்டாவதில்லை என்பது நெடுங்காலம் கழித்தே தெளிவாயிற்று. காதின் நிலை, கண் சுருங்குதல், மூஞ்சியின் இறுக்கம், மீசையின் போக்கு, தலை தாழ்தல் என்னும் ஐந்து குறிகளால் பூனையின் நோவை அளக்கும் முறையை மாண்ட்ரீல் பல்கலைக்கழகத்தார் 2019-இல் வெளியிட்டார்கள். ஈதர் கண்ட காலத்திலிருந்து அதற்குள் நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேல் சென்றுவிட்டன.

மாத்திரையைச் செலுத்தும் கைமுறையோ அதிகம் மாறவில்லை. துணியில் கழுத்து வரை சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, கன்ன எலும்புகளைப் பின்னிருந்து பற்றித் தலையை மேல்நோக்கிச் சாய்த்து, கீழ்த்தாடை தானே தளரும் கணத்தில் நாவின் பின்பகுதியில் மாத்திரையைப் போட்டு வாயை மூடித் தொண்டையை நீவிவிட வேண்டும். நாக்கு வெளிவந்து மூக்கை நக்கினால் விழுங்கியாயிற்று என்று அர்த்தம்; நக்காத பூனை கால் மணி நேரம் கழித்துச் சோபாவின் பின்னால் மாத்திரையைத் துப்பிவிட்டுப் போகும். முன்னோர் அறியாத ஒரு திருத்தம் மட்டும் பிற்காலத்தில் சேர்ந்தது. உலர்ந்த மாத்திரை பூனையின் உணவுக்குழாயிலேயே தங்கிவிடும்; டாக்ஸிசைக்ளின் போன்றவை அங்கே புண்ணுண்டாக்கிக் குழாயைக் குறுக்கிவிடவும் கூடும். ஆதலால் பின்னோடு சில மில்லி நீர் புகட்டியே தீரவேண்டும் என்று இப்போது போதிக்கிறார்கள்.

இருபத்தோராம் நூற்றாண்டின் வைத்தியர்கள் பூனையின் மறுப்பை ஒருவாறு ஒப்புக்கொண்டு, விழுங்கவேண்டிய அவசியத்தையே குறைக்க முயன்றிருக்கிறார்கள். பூனையின் உமிழ்நீர் காரத்தன்மை உள்ளது. அதனால் பியூப்ரநார்ஃபின் என்னும் நோவு தீர்க்கும் மருந்தைக் கன்னத்தின் உட்புறம் சில துளி விட்டாலே அது ரத்தத்தில் கலந்துவிடுகிறது. செஃபோவெசின் என்னும் ஊசியை ரண சிகிச்சை முடிந்த கையோடு போட்டுவிட்டால் ஏறக்குறைய இரண்டு வாரம் வேலை செய்யும். 1959 முதல் சென்னையில் இயங்கிவரும் இந்திய புளூ கிராஸ் போன்ற சங்கங்கள் தெருப் பிராணிகளுக்குக் கருத்தடை செய்து பிடித்த இடத்திலேயே விடுகையில், அவற்றுக்கு வேளைக்கொரு மாத்திரை கொடுக்க ஆள் இல்லையாதலால், இத்தகைய நீடித்த ஊசிகளின் அருமை அங்கே நன்றாகத் தெரியும். ஆனால் எல்லாப் புண்ணுக்கும் அந்த ஊசி ஏற்றதன்று. ஒருமுறை உடலில் சென்றதைத் திரும்பப் பெறவும் வழியில்லை. ஆகவே வேப்பேரி ஆஸ்பத்திரியிலிருந்து கூடையில் பூனையைச் சுமந்து வெளிவருகிறவர்களின் கையில் சின்னஞ்சிறு காகிதப் பொட்டலத்தில் பாதி பாதியாக உடைத்த மாத்திரைகளும் கூடவே வருகின்றன.