சிவப்புக்கு வேர் தோண்டியவர்கள்

பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வாசலில் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள். சின்ன வயசில் அதைப் பார்த்துப் பயந்து ஓடியிருக்கிறோம். உள்ளே படுத்திருக்கிறவர்களுக்குப் பேர் இருக்கிறது, செத்த வருசம் இருக்கிறது. அவர்கள் கப்பலேற்றிய துணிகளில் சித்திரம் எழுதியவர்களுக்கு ஒரு கல்லும் கிடையாது.

1613இல் இங்கே ஜெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் டச்சுக் கம்பெனிக்கு இதுதான் தலைமையிடம். இங்கிருந்து துணியைக் கிழக்குத் தீவுகளுக்குக் கொண்டுபோய், அதைக் கொடுத்து வாசனைப் பொருள் வாங்கினார்கள். பஞ்சம் வந்தபோது மனுசர்களையும் அடிமைகளாக ஏற்றினார்கள். துணிக்குக் கணக்கு எழுதிய அதே கை மனுசனுக்கும் கணக்கு எழுதியது.

அந்தத் துணிகளில் ஒருவகை கையால் எழுதியது. கலம்காரி என்கிறோம். துணியைக் கடுக்காயிலும் பாலிலும் ஊறவைத்து, மூங்கில் குச்சியால் எழுதுவார்கள். இரும்பும் வெல்லமும் ஊறிப் புளித்த தண்ணிதான் கறுப்பு. சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரம். பிறகு சாயவேர் போட்டுக் கொதிக்கவைத்தால் படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும். அப்புறம் அலசணும், வெயிலில் காயப்போடணும், மறுபடியும் அலசணும். மரம், பூ, பறவை, தெய்வம், மனுசர் எல்லாரும் இப்படித்தான் துணியில் எழுந்து வந்தார்கள்.

நியூயார்க்கில் புரூக்ளின் அருங்காட்சியகத்தில், 17ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இந்தக் கரையில் எழுதிய ஏழு துண்டுத் திரைச்சீலை இருக்கிறது. துண்டுக்குத் துண்டு வேறுவேறு தேசத்து ஆட்கள். இந்தக் கரையின் ஓவியன் உலகத்தையே பார்த்து எழுதியிருக்கிறான். அவன் பேர் அதில் இல்லை.

வடக்கே காளஹஸ்தியில் தெய்வக் கதைகளை எழுதும் மரபு நின்றுபோகாமல் காப்பாற்றப்பட்டது. 1950களின் கடைசியில் அங்கே பயிற்சி நிலையம் வந்தது. ஜொன்னலகட்டா குரப்ப செட்டிக்கு 2008இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஓவியனுக்குப் பேர் கிடைத்தது நல்லதுதான். இந்த ஓவியங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் இரண்டு வார்த்தையை விடுவதில்லை: இயற்கை, ஆன்மிகம். இயற்கைச் சாயம், தெய்வீகக் கலை!

அந்த இயற்கை தானாக நடந்து வந்து பானையில் விழுந்ததா? சாயவேர், அதாவது இம்பூறல், கடற்கரை மணலில் முளைக்கிற சின்னச் செடி. சிப்பிச் சுண்ணாம்பு கலந்த மண்ணில் வளர்ந்த வேர்தான் நல்ல சிவப்பைக் கொடுக்கும். மயிர் மாதிரி மெல்லிசு, மண்ணுக்குள் ஆழமாய் இறங்கியிருக்கும். குனிந்து தோண்டினால்தான் உண்டு. இலங்கையில் யாழ்ப்பாணம், மன்னார் பக்கத்தில் இதே டச்சுக்காரர்கள் வேர் தோண்டுவதை ஒரு சாதியின் கட்டாய ஊழியமாகவே வைத்திருந்தார்கள். நம்மூரில் சாதி எந்த வேலையை யாருக்கு விட்டிருக்கும் என்பதைச் சேரிக்காரனுக்கு யாரும் சொல்லித்தரவேண்டாம். 1869க்குப் பிறகு ஐரோப்பாவில் செய்த செயற்கைச் சிவப்புச் சாயம் சந்தைக்கு வந்தது. வேருக்கு விலை போனது. தோண்டியவர்கள் என்ன ஆனார்கள் என்று யார் கேட்டார்கள்?

எங்க ஆயா ஏரிச் சேற்றில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடிக்கும். வலை போடும் பாட்டில் எங்க தெருவுக்குப் பங்கு இல்லை. ஒருநாள் பட்டணத்தில் ஒரு கண்காட்சிக்குக் கூட்டிப்போனேன். கலம்காரித் துணியில் சாமி சிவப்பாய் நின்றது. ஆயா சாமியைக் கும்பிடவில்லை. துணிக்குப் பக்கத்தில் போய், "இம்மாஞ் செவப்புக்கு எத்தினி பேரு குனிஞ்சாங்களோ" என்றது. அதன் விரல் நகமெல்லாம் சேறு ஏறிக் கறுத்திருந்தது.

பழவேற்காட்டு வரலாற்றை எழுதுகிற தோழர்களே, கோட்டையிலிருந்து தொடங்கியது போதும். ஆயா கேட்ட கேள்வியிலிருந்து தொடங்குங்கள்.