கடலோரத்தில் கெராங் பண்ணை: அனுமதி கொடுப்பது யார், கேட்கப்பட வேண்டியவர் யார்?

கிள்ளான் வட்டாரத்தில் கெராங் தெரியாத குடும்பம் குறைவு. சார் குவே தியாவ் கடையில் தட்டின் ஓரத்தில் கிடக்கும். தோட்டத்து வீடுகளில் வேகவைத்துச் சம்பலில் தொட்டுச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் பலர். ஆனால் அது எங்கே வளர்கிறது, அந்த இடத்தை யாருக்கு யார் கொடுக்கிறார்கள் என்று கேட்டால் பெரும்பாலோருக்குத் தெரியாது. கடலோரச் சிப்பிப் பண்ணை பற்றிய சர்ச்சை எங்கே எழுந்தாலும் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான்.

கெராங் சேற்றில் வாழும் சிப்பி. அதன் உடலில் நம்மைப் போலவே ஹீமோகுளோபின் இருப்பதால் உடைத்தால் சிவப்பாகக் கசியும். மலேசியாவில் இதை முறையாக வளர்க்கத் தொடங்கியது 1948இல், பேராக் மாநிலத்தின் பாகான் பஞ்சோரில். அதன்பின் பினாங்கு, சிலாங்கூர், ஜொகூர் கரைகளுக்கும் பரவியது. நம் பக்கத்தில் ஜெராம் முதல் கோல சிலாங்கூர் வரையிலான சேற்றுக்கரை இதற்குப் பேர்போனது.

பண்ணை என்றதும் குளம், தீவனம், மோட்டார் என்று நினைக்க வேண்டாம். இயற்கையாகக் கரையோரம் படியும் குஞ்சுச் சிப்பிகளை அள்ளி வந்து, கம்பு நட்டு எல்லை குறித்த சேற்றுப் பகுதியில் விதைப்பார்கள். தீவனம் போடுவதில்லை. அலையோடு வரும் நுண்ணுயிர்ப் பாசியை வடிகட்டித் தின்று அது தானாக வளரும். ஒன்றரை ஆண்டுக்கு மேலான பிறகு படகிலிருந்து வாரி எடுப்பார்கள். 31.8 மில்லிமீட்டருக்குக் குறைந்ததை எடுக்கக் கூடாது என்பது சட்டம்.

தீவனச் செலவு இல்லாத தொழில் என்பதால் இடம்தான் இங்கே முதலீடு. சண்டை வருவதும் அங்கேதான்.

இரண்டு கதவுகள்

கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணைப்படி கடல் மீன்பிடிப்பும் கழிமுக மீன்பிடிப்பும் கூட்டரசின் பொறுப்பு. ஆற்று மீன்பிடிப்பு மாநிலத்துக்கு. (ஆமை மட்டும் மாநிலத்துக்கு என்று தனியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்.) ஆகவே சிப்பி வளர்ப்புக்கான அனுமதியும் விதிகளும் 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின் கீழ் மீன்வளத் துறையிடம் உள்ளன.

ஆனால் நிலம் மாநிலத்தின் உரிமை. கடலடித் தரையும் நிலம்தான். தாழ்நீர்க் கோட்டிலிருந்து 3 கடல் மைல், அதாவது சுமார் ஐந்தரைக் கிலோமீட்டர் வரை நிலச் சட்டம் செல்லும் என்பதை 2012ஆம் ஆண்டு கடல் எல்லைச் சட்டம் உறுதிசெய்தது. எனவே கெராங் வளர்க்கும் சேற்றில் கம்பு நடுவதற்கு மாநிலத்தின் சம்மதமும் வேண்டும். ஒரு கதவு கூட்டரசிடம், மற்றொன்று மாநிலத்திடம். புகார் சொல்லப் போகிறவர் இங்கே கேட்டால் அங்கே போ, அங்கே கேட்டால் இங்கே போ என்று அலைவது இதனால்தான்.

மூன்றாவது ஒரு கதவு இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள்: சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு. 1987ஆம் ஆண்டின் முதல் ஆணையில் நீர்வாழ் உயிரின வளர்ப்பு என்று பட்டியலிடப்பட்டது, 50 ஹெக்டேர் அல்லது அதற்கு மேல் சதுப்புநிலக் காட்டை அழித்துத் தரையில் அமைக்கும் பண்ணைதான். காட்டை வெட்டாமல் திறந்த சேற்றில் சிப்பி விதைப்பது அந்த வரையறைக்குள் வரவில்லை. வளர்ப்பவருக்கு இது நிம்மதி. அதே சேற்றில் வலை வீசியும் நண்டு பிடித்தும் பிழைப்பவருக்கு, தன் பேச்சைச் சொல்ல இருந்திருக்கக்கூடிய ஓர் இடம் இல்லை.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

கெராங் வடிகட்டித் தின்னும் உயிர் என்பதால் தண்ணீரில் உள்ளது அதன் உடலில் சேரும். 2024 ஏப்ரலில் போர்ட்டிக்சனில் சிப்பி சாப்பிட்டவர்கள் நச்சுப் பாதிப்புக்கு ஆளாகி, அங்கே சிப்பி எடுக்கவும் விற்கவும் தடை விதிக்கப்பட்டது நினைவிருக்கும். அது பாசி நஞ்சு. உலோகக் கழிவும் சாக்கடையும் வேறு கணக்கு.

2020 செப்டம்பரில் சிலாங்கூர் ஆற்று நீர் மாசுபட்டு நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. கிள்ளான் பள்ளத்தாக்கில் சுமார் 12 லட்சம் இணைப்புகளுக்குத் தண்ணீர் நின்றது. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் வாளியோடு நின்றவர்கள் அதை மறக்க மாட்டார்கள். அந்த ஆறு கடலில் சேரும் இடம் கோல சிலாங்கூர். நமக்குக் குழாய் திரும்ப வந்ததும் செய்தி முடிந்துவிட்டது. ஆற்றில் இறங்கியது கடைசியில் போய்ச் சேர்வது சேற்றுக்கரைக்குத்தான்.

2010இல் நாட்டின் கெராங் உற்பத்தி சுமார் 78 ஆயிரம் டன். ஐந்தே ஆண்டுகளில் அது 20 ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. நீர் மாசு, குஞ்சுச் சிப்பிப் பற்றாக்குறை, கரையோர மாற்றங்கள் என்று காரணங்கள் அடுக்கப்படுகின்றன. புதிய அனுமதி கொடுத்தால் உற்பத்தி கூடும் என்று வாதிடுவோர் இந்தச் சரிவுக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. இடம் குறைந்ததால் மட்டும் வந்த வீழ்ச்சி அல்ல இது.

கோல ஜூரு

மீனவர்களே பண்ணைக்காரர்களான கதையும் நம் நாட்டில் உண்டு. 1970களில் பிறை தொழிற்பேட்டைக் கழிவு ஜூரு ஆற்றில் கலந்து, கோல ஜூரு கிராமத்து மீனவர்களின் வலை காலியானது. எஸ்.எம். முகமது இத்ரிஸ் நீண்டகாலம் தலைமை வகித்த பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அவர்களின் குரலை வெளியே கொண்டுவந்தது. கிராமத்தார் கூட்டுறவாகச் சேர்ந்து கெராங் வளர்ப்பில் இறங்கினார்கள். பண்ணை அங்கே வெளியாரின் வேலியாக வரவில்லை. பிழைப்புப் போனவர்களின் மாற்று வழியாக வந்தது. ஆனால் ஆறு சுத்தமாகாத வரை அந்த மாற்று வழிக்கும் உத்தரவாதம் இருக்கவில்லை.

நாகப்பட்டினம்

தமிழர்கள் நடத்திய மிகப் பெரிய பண்ணை வழக்கு இதற்கு நேர் எதிரானது. நம்மில் பலரின் தாத்தா பாட்டி நாகப்பட்டினத்தில் கப்பலேறி, அன்று போர்ட் சுவெட்டன்ஹாம் என்றழைக்கப்பட்ட கிள்ளான் துறைமுகத்தில் இறங்கியவர்கள். அதே நாகைக் கரையில் 1990களில் இறால் குளங்கள் பெருகின. இறாலும் ஓடுள்ள உயிரினம்தான், ஆனால் கெராங் போலத் தானாக வளராது. உப்புநீரை உள்ளே ஏற்ற வேண்டும், தீவனமும் மருந்தும் போட வேண்டும், கழிவை வெளியேற்ற வேண்டும். கிணறுகள் உப்பாயின, வயல் கெட்டது, மீனவர்கள் கடற்கரைக்குப் போகும் வழி பண்ணைகளால் அடைபட்டது.

காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். அவரும் மனைவி கிருஷ்ணம்மாளும் நிலமற்ற தலித் குடும்பங்களுக்கு நிலம் பெற்றுத் தந்தவர்கள். 2008இல் ‘மாற்று நோபல்’ எனப்படும் விருதைப் பெற்றார்கள். 1996 டிசம்பர் 11இல் நீதிபதிகள் குல்தீப் சிங், எஸ். சாகிர் அகமது அமர்வு தீர்ப்பளித்தது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் உள்ள இறால் பண்ணைகளை 1997 மார்ச் 31க்குள் அகற்ற வேண்டும். விளைநிலத்தையும் உப்பளத்தையும் ஊர்ப் பொது நிலத்தையும் பண்ணையாக்கக் கூடாது. பாரம்பரிய முறை வளர்ப்பு மட்டும் தொடரலாம்.

அந்தத் தீர்ப்பில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி உண்டு. மூடப்படும் பண்ணைகளில் வேலை இழக்கும் தொழிலாளர்களுக்குச் சட்டப்படியான இழப்பீட்டோடு ஆறு ஆண்டுச் சம்பளமும் தர வேண்டும் என்றது. தோட்டம் விற்கப்பட்டு, வேலையும் வீடும் ஒரே நாளில் போனவர்கள் இந்த வரியை இரண்டு முறை படிப்பார்கள்.

தீர்ப்பு முழுதாக நடைமுறைக்கு வரவில்லை. மறுஆய்வு மனுக்களால் இடிப்பு தள்ளிப்போனது. 2005இல் இந்திய நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்குத் தனி ஆணையம் அமைத்துச் சட்டம் இயற்றி, பண்ணைகளுக்குப் பதிவு முறையைக் கொண்டுவந்தது. தமிழகக் கரையில் இறால் குளங்கள் இன்றும் உள்ளன.

சிலாங்கூர் கரையில் புதிய பண்ணைக்கு விண்ணப்பம் என்ற பேச்சு வந்தால், கம்பு நடப்போகும் பகுதியின் வரைபடத்தை முதலில் கேளுங்கள். நண்டுக்கும் இறாலுக்கும் போகும் சிறு படகுகளுக்கு வழி விடப்பட்டுள்ளதா என்பது அதில்தான் தெரியும். குஞ்சுச் சிப்பி எந்தக் கரையிலிருந்து அள்ளப்படும், உரிமத்தின் பெயரில் இருப்பவர் உண்மையில் கடலில் இறங்குபவரா, நீர்ச் சோதனை முடிவு பொதுமக்களுக்குக் காட்டப்படுமா என்பவை அடுத்த கேள்விகள். உரிமம் பற்றிய கேள்விக்கு மீன்வளத் துறையையும், இடம் பற்றிய கேள்விக்கு மாவட்ட நில அலுவலகத்தையும் அணுக வேண்டும். கடிதத்தை இரண்டு இடங்களுக்கும் ஒரே நாளில் அனுப்புவது நல்லது.