ஈற்றில் கசியும் இரத்தம்: ஓர் அறிகுறியின் வரலாறு

நலமான ஈறு இளஞ்சிவப்பாக இருக்கும். மெல்லிய விளிம்பாகப் பல்லின் கழுத்தை இறுகப் பற்றியிருக்கும். நோய் தொடங்கும்போது அந்த விளிம்பு சிவந்து தடிக்கிறது. பல் துலக்கிக் கொப்பளித்துத் துப்பினால் நீரில் இரத்தம் கலந்து வருகிறது. வாய் நாற்றமும் சேர்ந்துகொள்ளலாம். வலி மட்டும் பெரும்பாலும் இராது. இந்நோயின் பெரிய கேடே அதுதான். ஈற்றிலிருந்து இரத்தம் கசிவதை மனிதர்கள் எல்லாக் காலத்திலும் கண்டிருக்கிறார்கள். ஆனால் அது நோயின் முதல் படி என்பதும், அந்தப் படியிலேயே அதைத் திருப்பிவிடலாம் என்பதும் உறுதிப்பட 1965 வரை ஆயிற்று.

சுசுருத சம்ஹிதை வாய் நோய்களை 65 என்று கணக்கிட்டு, அவற்றில் 15-ஐ ஈற்றுக்கு உரியவையாக வைக்கிறது. காரணமின்றி இரத்தம் கசிந்து, ஈறு கருத்து நைந்து நாற்றமெடுப்பது சீதாதம். ஈறு எரிந்து, லேசாகத் தொட்டாலே இரத்தம் வந்து, பல் ஆடுவது உபகுசம். கண்ணால் மட்டுமே பார்த்து இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்தது வியப்புக்குரியது. ஆனால் அந்நூலில் இவை தனித்தனி நோய்கள். ஒரே நோயின் இளமையும் முதுமையுமாக இவற்றை இணைத்துப் பார்க்கும் பார்வை பிற்காலத்தில்தான் வந்தது.

காரணத்தின் பக்கம் கையை நீட்டியவர் ஸ்பெயினின் கோர்டோபா அருகே வாழ்ந்த அறுவை மருத்துவர் அல்-ஸஹ்ராவி. பல்லில் படியும் காரைதான் ஈற்றைக் கெடுக்கிறது என்று எழுதிய அவர், அதைச் சுரண்ட 14 கருவிகளின் படங்களையும் தந்தார். ஒரே அமர்வில் போகாவிட்டால் மறுநாளும் அதற்கடுத்த நாளும் சுரண்ட வேண்டும் என்றார். இன்றைய பல் மருத்துவமனையில் நடப்பதும் அடிப்படையில் அதே வேலைதான்.

1683-இல் டெல்ஃப்ட் நகரின் லீவன்ஹூக் தம் பல்லிடுக்கில் இருந்த வெண்ணிறப் படிவை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்து, அதில் உயிரிகள் நெளிவதை லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். அந்த உயிரிகளையும் ஈற்று நோயையும் அன்று யாரும் முடிச்சுப் போடவில்லை. ஈற்றில் இரத்தம் என்றால் கடலோடிகளைக் கொன்ற ஸ்கர்வி என்றே ஐரோப்பா நினைத்தது. உடல் முழுதும் பரவாமல் ஈற்றோடு நிற்கும் ஒரு வகை உண்டு என்று 1728-இல் பிரெஞ்சு மருத்துவர் பியர் ஃபோஷார் பிரித்துக் காட்டினார். அமெரிக்காவில் ஜான் ரிக்ஸ் காரையைச் சுரண்டிப் பல்லைக் காப்பாற்றலாம் என்று வாதாடியதால், நோய்க்கே அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. இன்றும் பலர் சொல்லும் ‘பயோரியா’ என்ற பெயரின் பொருள் சீழ் ஒழுக்கு. சீழ் ஒழுகுவது முற்றிய நிலை. நோய்க்குப் பெயரே அதன் பிந்திய கட்டத்திலிருந்து வந்திருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ, பல்லின் சீழே உடல் நோய்களுக்கு மூலம் என்ற கருத்து வலுத்து, காப்பாற்றியிருக்கக்கூடிய பற்களும் பிடுங்கப்பட்டன.

திருப்பம் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் நேர்ந்தது. ஹெரால்ட் லோ என்ற நார்வேக்காரரும் சகாக்களும் ஈறு நலமாக இருந்த 12 பேரைப் பல் துலக்குவதையே நிறுத்தச் செய்தனர். அவர்களில் பெரும்பாலோர் பல் மருத்துவ மாணவர்கள். பத்து முதல் 21 நாள்களுக்குள் ஒருவர் விடாமல் அத்தனை பேருக்கும் ஈறு அழன்றது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் ஈறு பழைய நிலைக்குத் திரும்பியது. 1965-இல் வெளியான இந்த ஆய்வு, படிவில் வாழும் நுண்ணுயிரிகளே காரணம் என்பதையும், தொடக்க அழற்சி மீளக்கூடியது என்பதையும் ஒருசேர நிறுவியது.

மீளாத கட்டம் எப்போது வருகிறது? அதற்கு விடை இலங்கை மலையகத்திலிருந்து வந்தது. 1970-இல் லோவின் குழு இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 480 தமிழ்த் தொழிலாளர்களின் வாயைச் சோதித்தது, அனைவரும் ஆண்கள். பல் மருத்துவம் அவர்களை எட்டியதே இல்லை. அனேகமாக எல்லோர் ஈறும் அழன்றிருந்தது. சொத்தைப் பல்லோ அரிது. எனவே விழுந்த பல் எல்லாம் ஈற்று நோயால் விழுந்ததென்று கொள்ள முடிந்தது. பதினைந்து ஆண்டுத் தொடர்கண்காணிப்பின் முடிவு 1986-இல் வெளியானது: 8 விழுக்காட்டினருக்கு நோய் வேகமாக முற்றியது, 81 விழுக்காட்டினருக்கு மெல்ல முற்றியது, 11 விழுக்காட்டினருக்கு அழற்சியோடு நின்றுவிட்டது. வேகமாக முற்றியவர்களுக்கு 45 வயதில் பல்லைப் பிடித்திருக்கும் திசு சராசரியாக 13 மி.மீ. அழிந்திருந்தது. பல பற்களின் வேர் நீளமே ஏறத்தாழ அவ்வளவுதான்.

மருத்துவம் கிட்டாத உழைப்பாளிகளின் ஈறு ஆண்டுக்கணக்கில் அழிவதை அளந்தே இந்த எண்கள் கிடைத்தன. உலகெங்கும் பல் மருத்துவப் பாடநூல்கள் அவர்களுக்குப் பட்டிருக்கும் கடன் பெரிது. 2010-இல் மீண்டும் பரிசோதிக்கக் கிடைத்தவர்கள் 75 பேர்.

இதற்கிடையே இரத்தக் கசிவே அளவுகோலாக மாறியது. மழுங்கிய முனையுள்ள, மி.மீ. குறியிட்ட மெல்லிய கம்பியை ஈற்றுக்கும் பல்லுக்கும் இடையே மெதுவாக விட்டு, எத்தனை இடங்களில் இரத்தம் வருகிறதென்று எண்ணுகிறார்கள். பத்தில் ஓர் இடத்திலோ அதற்கு மேலோ கசிந்தால் அது ஈற்றழற்சி என்று 2018-இல் வெளியான உலக வகைப்பாடு வரையறுத்தது. ஈறு இறங்கிப் பல் நீண்டு தெரிவதும், பல்லிடையே புதிதாகச் சந்து விழுவதும் அடுத்த கட்டத்தின் அடையாளங்கள். அப்போது எலும்பு கரையத் தொடங்கியிருக்கும், கரைந்த எலும்பு தானாக வளராது. புகைபிடிப்பவர்களிடம் மட்டும் இந்த முதல் அறிகுறியை நம்ப முடியாது. புகை ஈற்றின் இரத்தக் கசிவைக் குறைத்துவிடுவதால், உள்ளே நோய் முற்றும்போதும் அவர்கள் கொப்பளித்துத் துப்பும் நீர் தெளிவாகவே இருக்கக்கூடும்.