கல்லீரலின் குளுக்கோசு ஒழுங்குபாடு

கல்லீரலின் குளுக்கோசு ஒழுங்குபாடு என்பது, குருதியிலுள்ள குளுக்கோசைக் கல்லீரல் சேமிப்பதையும் வெளிவிடுவதையும் கட்டுப்படுத்தும் செயற்பாடு ஆகும். இயக்குநீர்கள் கொணரும் செய்தியை உயிரணுவினுள் கடத்தும் சமிக்ஞை நொதிகளே இதனை நடத்துகின்றன. இரவு உணவைத் தவிர்த்த நீரிழிவு நோயாளிக்கும் காலையில் சர்க்கரை உயர்ந்து காணப்படுவதற்கு இவ்வொழுங்கின் குலைவே முதன்மைக் காரணம்.

உணவில்லா வேளையில்

கணையம் சுரக்கும் குளூக்கொகான் கல்லீரல் உயிரணுவின் மேற்பரப்பிலுள்ள ஏற்பியுடன் இணைகின்றது, உள்ளே நுழைவதில்லை. அங்கு அடினைலேற்று சைக்கிளேசு என்னும் நொதி தூண்டப்பட்டு, ஏடிபியிலிருந்து வளைய ஏஎம்பி உருவாகின்றது. இது புரதக் கைனேசு ஏ என்னும் நொதியைச் செயற்படுத்துகின்றது. அந்நொதி பொசுபோரிலேசு கைனேசுக்கும், அது கிளைக்கோசன் பொசுபோரிலேசுக்கும் பொசுபேட்டுத் தொகுதியை ஏற்ற, சேமிப்பிலுள்ள கிளைக்கோசன் உடைகின்றது. ஒரு நொதி மூலக்கூறு அடுத்த படியில் பலவற்றைத் தூண்டுவதால், மிகச் சிறிதளவு இயக்குநீரே போதுமானதாகின்றது. கிளைக்கோசனைத் தொகுக்கும் நொதியோ இதே வேளையில் முடக்கப்படுகின்றது. இல்லையேல் உடைப்பதும் கட்டுவதும் ஒருங்கே நடந்து ஆற்றல் வீணாகும்.

வளைய ஏஎம்பியைக் கல்லீரல் ஆய்வுகளின் வழி கண்டறிந்த ஏர்ல் சதர்லாந்து 1971 ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார்.

உணவுக்குப் பின்

இன்சுலின் ஏகேடி என்னும் கைனேசைத் தூண்டுகின்றது. அதனால் கிளைக்கோசன் தொகுப்பு மீள்கின்றது. மேலும், புதிதாகக் குளுக்கோசு ஆக்கும் மரபணுக்களை இயக்கும் பொக்சோ1 என்னும் புரதம் உயிரணுக் கருவிலிருந்து வெளியேற்றப்படுகின்றது. இரண்டாம் வகை நீரிழிவில் இச்செய்தி கல்லீரலைச் சரிவரச் சேர்வதில்லை. எனவே, தேவையில்லாதபோதும் கல்லீரல் குளுக்கோசை வெளிவிடுகின்றது. கொழுப்பு ஆக்கம் மட்டும் தடையின்றித் தொடர்வது வியப்புக்குரியது. கல்லீரலில் கொழுப்பு படிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

புதுச்சேரியில்

2023 இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடளாவிய ஆய்வின்படி, புதுச்சேரியில் 20 வயதுக்கு மேற்பட்டோரில் 26.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. கோவாவுக்கு (26.4) அடுத்த நிலை இது, இந்திய அளவு 11.4 விழுக்காடு. இது ஒன்றியப் பகுதி முழுமைக்குமான மதிப்பீடு என்பதால், முதலியார்பேட்டை போன்ற ஒரு நகர்ப்பகுதிக்கு அப்படியே பொருத்துதல் தகாது.

மெட்பார்மின்

பிரான்சு நாட்டு மருத்துவர் சான் இசுட்டேர்ன் 1957 இல் நீரிழிவுக்கு அறிமுகப்படுத்திய இம்மருந்து, முதன்மையாகக் கல்லீரலின் குளுக்கோசு உற்பத்தியைக் குறைக்கின்றது. ஏஎம்பி தூண்டும் கைனேசு வழியாகவே இது செயற்படுவதாக முன்னர் கருதப்பட்டது. ஆனால் அந்நொதி கல்லீரலில் இல்லாத எலிகளிலும் மருந்து பயனளித்ததை 2010 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது.