கூடலூர் மலையில் ஓர் அறமுதல்

ஓவேலி என்னும் பெயரைக் கேட்போர் அதனைப் பழந்தமிழ்ப் பெயரென்றே எண்ணுவர். உண்மை வேறு. 1845ஆம் ஆண்டளவில் கூடலூரை அடுத்த இப்பள்ளத்தாக்கில் காப்பித் தோட்டம் அமைத்த ஜேம்ஸ் ஆக்டர்லோனி என்னும் துரையின் பெயரால் இது 'ஆக்டர்லோனி வேலி' எனப்பட்டது; மக்கள் நாவில் தேய்ந்து ஓவேலியாயிற்று.

அந்நாளில் இது நிலம்பூர் கோவிலகத்தாரின் ஜன்ம நிலம். 1873இல் ஓவேலியும், 1877இல் தென்கிழக்கு வயநாடும் நீலகிரி மாவட்டத்தோடு இணைக்கப்பட்டன. 1969இல் ஜன்ம ஒழிப்புச் சட்டம் வந்தது. அதை முன்னிட்டு எழுந்த வழக்குகளில் ஒன்று, 2007 ஜனவரி 11ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் வழங்கிய தீர்ப்பு வரை நீண்டது. ஜன்மியும், தோட்ட முதலாளியும், அரசும் பட்டயங்களைக் காட்டி வாதிட்டனர். பட்டயமே இல்லாதோர் ஒரு சாரார் இருந்தனர். பணியர், பெட்டக் குறும்பர், முள்ளுக் குறும்பர், காட்டுநாயக்கர், இருளர் ஆகிய பழங்குடியினரே அவர்கள். முன்னோரின் அடக்கத்தலமும், தெய்வம் உறையும் சோலையும், தேனெடுத்த காடுமே அவர்தம் பட்டயங்கள். அவற்றைப் படித்தறிய எந்த அலுவலகத்துக்கும் தெரியவில்லை.

இந்நிலையில் 1985இல் ஸ்டான் தெக்கேக்கரா, மாரி தெக்கேக்கரா தம்பதியர் கூடலூரில் 'அக்கார்டு' என்னும் தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினர். 'ஆக்ஷன் எய்ட்' போன்ற அமைப்புகளின் பொருளுதவி அதற்குக் கிட்டியது. அப்பணம் முதலில் மக்களை ஒன்றுகூட்டவே பயன்பட்டது. ஆதிவாசி முன்னேற்றச் சங்கம் உருவாயிற்று. 1988 டிசம்பர் 5ஆம் நாள் ஏறத்தாழப் பத்தாயிரம் பழங்குடியினர் நில உரிமை கோரிக் கூடலூர் வீதிகளில் அணிவகுத்தனர். பிறர் முன் நிற்கவே கூசிய மக்களுக்கு அது புதிய வரலாறு.

நிலத்தைத் தொடர்ந்து உடல்நலமும் கல்வியும் வந்தன. 1990இல் 'அஸ்வினி' மருத்துவமனை எழுந்தது. பழங்குடிப் பெண்களே அங்குப் பயிற்சி பெற்றுத் தாதியராயினர். 1992இல் நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் நிறுவனத்தோடு சங்க உறுப்பினருக்கான மருத்துவக் காப்பீடு ஏற்பட்டது. வித்யோதயா பள்ளியில் குழந்தைகள் பாடநூலோடு தம் குலத்தின் கதைகளையும் பாடல்களையும் பயின்றனர். பண்பாட்டைக் காப்பது என்பது விழா மேடையில் ஆட வைத்து அனுப்பிவிடுவதன்று. அடுத்த தலைமுறை தன் மொழியில் பேச வெட்கப்படாதிருக்கச் செய்வதே என்பதை அப்பள்ளி உணர்த்திற்று.

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சியது. நன்கொடை நின்றால் என் செய்வது? கடல் கடந்து வரும் பணம் ஒரு காலவரையறைக்கு உட்பட்டது. கொடுப்போர் கருத்து மாறினால் மருத்துவமனையின் விளக்கும் அணையும். இதற்கு விடையாகவே, இலண்டனிலுள்ள 'சாரிட்டீஸ் அட்வைசரி டிரஸ்ட்' அமைப்பின் துணையுடன் 'மதுவனா' தேயிலைத் தோட்டம் பழங்குடியினரின் பொதுச் சொத்தாக வாங்கப்பட்டது. தேயிலைத் தோட்டங்களில் நாட்கூலிகளாய்க் குனிந்து நின்றோர் ஒரு தோட்டத்துக்கு உடையவராயினர். முதல் அழியாது நிற்க, அதன் விளைவு சமுதாயத்துக்குப் பயன்பட வேண்டும் என்பதே நோக்கம்.

இதைக் கேட்கும்போது நமக்கு வேறொன்று நினைவுக்கு வராமற் போகாது. கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை என் செய்வதென உமர் (ரலி) அவர்கள் வினவியபோது, முதலை நிறுத்திவைத்து அதன் பலனைத் தருமமாக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். அந்நிலம் விற்கப்படாமலும், வாரிசுரிமையாகப் பங்கிடப்படாமலும் ஏழைகளுக்கும் வழிப்போக்கர்க்கும் பயன் தந்தது. நாம் வக்ஃபு என வழங்கும் அறத்தின் உட்பொருள் இதுவே.

தேயிலைக்கு விலை சரிந்தால் தோட்டமும் தள்ளாடும். அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் நன்கொடை பெற்றவன் அடுத்த ஆண்டும் கை நீட்ட வேண்டும். முதலைப் பெற்றவனோ அதனைப் பேணும் பொறுப்பைப் பெறுகிறான். கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் இடையிலான கூட்டுறவு மெய்யானதா என்பதைக் கொடுத்த தொகை காட்டாது. கொடுத்தவர் விலகிய பின்னர் எது எஞ்சி நிற்கிறதோ அதுவே காட்டும்.

நம் ஊர்களிலும் முன்னோர் விட்டுச்சென்ற தோப்புகளும் கடைகளும் மனைகளும் உள்ளன. அவற்றின் முதல் நிற்கிறதா, விளைவு உரியவரைச் சேர்கிறதா என ஒவ்வொரு மஹல்லாவும் கணக்குப் பார்த்தல் நன்று. பட்டயமே இல்லாத மலைமக்கள் ஒரு முதலைத் தேடிக்கொண்டனர். பட்டயத்தோடு பெற்ற நாம் அதனை இழக்கலாகாது.